பழைய கியர் ஆயிலை எதனோடும் கலக்காமல் சேகரிப்பது எப்படி? நீலகிரியில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் வண்டிக்கு 36 வளைவுகள். சமவெளியில் நாள் முழுவதும் மேல் கியரிலேயே ஓடக்கூடிய வண்டி, இங்கே முதல் கியருக்கும் மூன்றாவது கியருக்கும் இடையிலேயே பாதிப் பயணத்தை முடித்துவிடுகிறது. இறக்கத்தில் பிரேக் காந்திவிடக் கூடாது என்று இரண்டாவது கியரில் பிடித்து இறக்கும்போது, வண்டியை இழுத்துப் பிடிக்கும் வேலை கியர் பற்களின் மேல் விழுகிறது. அந்த உழைப்பின் சூட்டையும் தேய்மானத்தையும் ஏற்றுக்கொள்வது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சில லிட்டர் ஆயில்தான். அதைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும் என்பது மலையில் வண்டி ஓட்டுகிற பலருக்கும் தெரியும். மாற்றிய பிறகு பழைய ஆயில் எங்கே போக வேண்டும் என்ற பேச்சுதான் எழுவதில்லை. அதை முதல் முறையாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

முதலில் அந்த ஆயில் என்ன என்று பார்ப்போம். கையால் கியர் மாற்றும் கார்களில் இருப்பது கியர் ஆயில். சிறிய கார் என்றால் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகளில் கியர்பாக்ஸ் தவிர, இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும், அதை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும், பட்டறைகளில் கிரவுன் என்று சொல்லப்படும் முன், பின் டிஃபரன்ஷியல்களுக்கும் தனித்தனியாக ஆயில் ஊற்ற வேண்டியிருப்பதால் மொத்த அளவு கூடும். புதிய கியர் ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். அதன் கந்தக வாடை கையில் பட்டால் எளிதில் போகாது. பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் உலோகத்தைக் காப்பதற்காகக் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த பொருள்களை அதில் கலக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இருப்பது ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். கசிவு ஏற்பட்டால் இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்து அடையாளம் காண வசதியாகப் பெரும்பாலான ஏ.டி.எஃப்.களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள்.

இரண்டிலுமே பெரும்பகுதி அடிப்படை எண்ணெய்தான். கச்சா எண்ணெயிலிருந்து பிரித்ததாகவோ, செயற்கையாகத் தயாரித்ததாகவோ அது இருக்கலாம். மீதி, தேய்மானத்தைக் குறைக்கவும், நுரை கட்டாமல் தடுக்கவும், துரு ஏறாமல் காக்கவும், ரப்பர் சீல்கள் சுருங்காமல் வைத்திருக்கவும் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள். வண்டி ஓட ஓட முதலில் தீர்ந்துபோவது இந்தச் சேர்மானங்கள். ஏ.டி.எஃப்.பைப் பொறுத்தவரை, ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூடு கூடும்போதும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டே போகும் ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தச் சூடு விரைவில் ஏறிவிடும். சேர்மானம் தீரத் தீர ஆயில் கறுக்கிறது, கருகிய வாடை வருகிறது. தேய்ந்த உலோகத் துகள்களும் கிளட்ச் தகடுகளின் பொடியும் அதில் சேர்கின்றன.

பல கியர்பாக்ஸ்களின் டிரெயின் பிளக்கில், அதாவது ஆயிலை இறக்குவதற்காகக் கழற்றும் அடி மூடியில், ஒரு சிறு காந்தம் இருக்கும். அடுத்த முறை ஆயில் இறக்கும்போது அந்தப் பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு குழைவு படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் மை போல வழுக்கும், மணல்போல் நெருடாது. அது கியர் பற்களிலிருந்து மிக நுண்ணியதாகத் தேய்ந்து வந்த இரும்பு, வழக்கமான தேய்மானம்தான். கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் ஒட்டியிருந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டும், ஏதோ ஒரு பல் உடைந்திருக்கலாம். காந்தம் பிடிப்பது இரும்பை மட்டும்தான். செம்பு, அலுமினியத் துகள்களும், காந்தத்துக்கு எட்டாத இரும்புப் பொடியும் ஆயிலோடு கலந்தே வெளியே வருகின்றன.

ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி எண்ணெயாகவே இருக்கிறது. அது அழுக்கடைந்திருக்கிறதே தவிர, அழிந்துபோகவில்லை. அழுக்கை நீக்கினால் மறுபடியும் மசகு எண்ணெயாகப் பயன்படும். அது நடப்பதும் நடக்காமல் போவதும், வண்டியிலிருந்து இறங்கிய முதல் மணி நேரத்தில் நாம் அதை எதனோடும் கலக்காமல் வைத்திருக்கிறோமா என்பதைப் பொறுத்தே இருக்கிறது. நவீன ஆலை இருந்தும், கடுமையான சட்டம் இருந்தும், ஒரு கேன் ஆயிலில் குளோரின் கலந்த கரைப்பான் சேர்ந்துவிட்டால் பிறகு அவற்றால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆகவே இந்த வேலையின் மிக முக்கியமான கட்டம் நம் கையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

மலையில் இதற்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. நீலகிரியில் எந்த இடத்தில் நின்று எதைக் கொட்டினாலும் அது கீழே இருக்கும் யாரோ ஒருவரின் தண்ணீரை நோக்கியே நகரும். மேட்டில் வீடுகள், நடுச்சரிவில் தேயிலை, பள்ளத்தில் ஓடையையொட்டி கேரட்டும் பீட்ரூட்டும் என்பதே இங்குள்ள பல ஊர்களின் அமைப்பு. அந்த ஓடையில் மோட்டார் வைத்துத்தான் காய்கறிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அதையும் தாண்டிப் பார்த்தால், குந்தா பக்கத்து நீரெல்லாம் பில்லூர் அணைக்குப் போய் கோவையின் குடிநீர் ஆகிறது. பைக்காரா நீர் மாயாற்றில் சேர்ந்து பவானிசாகருக்குப் போகிறது. பட்டறைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றிவிட்டால் மண் உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இந்த மழைக்கு முன் நிற்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில், பல மாதங்களாக மேல்மண்ணில் ஊறிக் கிடந்ததெல்லாம் மண்ணோடு சேர்ந்தே இறங்கும்.

எண்ணெய் தண்ணீரில் எவ்வளவு பரவும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். நீர்ப்பரப்பில் வானவில் நிறம் தெரிவதற்கு எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்க வேண்டியதில்லை, அதிலும் மூன்றில் ஒரு பங்கு போதும். அந்தத் தடிமனில் ஒரே ஒரு லிட்டர் ஆயில் ஏறக்குறைய முக்கால் ஏக்கர் நீர்ப்பரப்பை மூடிவிடும். படலம் மூடிய தேங்கு நீரில் காற்று கரைவது குறைகிறது. அதில் வாழும் தலைப்பிரட்டைகளும் பூச்சிப் புழுக்களும்தான் முதலில் பாதிக்கப்படுகின்றன. ஒரு வண்டிக்கு ஒரு முறை ஆயில் மாற்றும்போது இறங்கும் பழைய எண்ணெய், பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீலகிரியின் சதுப்புகளிலும் ஊற்றுக் குழிகளிலும் எண்ணெய் மிதப்பது போன்ற பளபளப்பை யாரும் எதுவும் கொட்டாத இடத்தில்கூடப் பார்க்கலாம். இரும்புச் சத்துள்ள நீரில் வளரும் ஒருவகை பாக்டீரியாக்கள் உண்டாக்கும் இயற்கையான படலம் அது. இரண்டையும் பிரித்தறிய ஒரு குச்சி போதும். படலத்தைக் குச்சியால் கீறுங்கள். பாக்டீரியாப் படலம் உடைந்த கண்ணாடி போலத் துண்டு துண்டாகப் பிரிந்து, பிரிந்தபடியே மிதக்கும். எண்ணெய்ப் படலமோ கீறிய இடத்தில் விலகிய மறுகணமே மீண்டும் கூடி ஒன்றாகிவிடும். யார் மேலாவது பழி சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

கொட்டுவதைத் தவிர வேறு பழக்கங்களும் இருக்கின்றன. வேலிக் கம்பங்களில் கரையான் ஏறாமல் இருக்கப் பழைய ஆயில் பூசுவது, கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங் பலகையில் தடவுவது, புழுதி அடங்கத் தெளிப்பது, நாய்க்கும் மாட்டுக்கும் சொறி வந்தால் தேய்த்துவிடுவது ஆகியவை எல்லோரும் அறிந்தவை. வீணாக்காமல் பயன்படுத்துகிறோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் பலரும் இவற்றைச் செய்கிறார்கள். ஆனால் கம்பத்தில் பூசியது அடுத்தடுத்த மழையில் கழுவிக்கொண்டு மண்ணுக்குத்தான் வருகிறது. விலங்குகளின் உடம்பில் தேய்ப்பதை உறுதியாக நிறுத்த வேண்டும். அவை அதை நக்கும், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். சொறிக்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து இருக்கிறது. அடுப்பிலும் குளிர்காயும் நெருப்பிலும் ஊற்றி எரித்தால் உலோகத் துகள்களும் கந்தகமும் புகையாகி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் நுரையீரலுக்குப் போகின்றன.

இனி, மறுசுழற்சி என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். சேகரித்த ஆயில் இரண்டு வழிகளில் போகலாம். ஓரளவு சுத்தம் செய்து ஆலைகளில் எரிபொருளாகப் பயன்படுத்துவது ஒரு வழி. அதில் எண்ணெய் ஒரே ஒரு முறை பயன்பட்டு முடிந்துவிடும். மற்றது மறுசுத்திகரிப்பு. அங்கே முதலில் ஆயிலைத் தேக்கி வைத்து, வடிகட்டி, மண்டியை நீக்குகிறார்கள். பிறகு சூடாக்கித் தண்ணீரையும், கலந்திருக்கக்கூடிய பெட்ரோல், டீசல் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களையும் வெளியேற்றுகிறார்கள். அடுத்து வருவது வெற்றிட வடிப்பு. உதகையில் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தாமதமாவதும் இங்குள்ளவர்களுக்குப் பழகிய செய்தி. காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்ற அதே விதியைத்தான் மறுசுத்திகரிப்பு ஆலையும் பயன்படுத்துகிறது. சாதாரண அழுத்தத்தில் மசகு எண்ணெயைக் கொதிக்கவிட்டால், கொதிக்கும் முன்பே அதன் மூலக்கூறுகள் உடைந்து வீணாகிவிடும். கலத்தினுள் காற்றை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டால், எண்ணெய் உடையாமலேயே ஆவியாகி, மறுபக்கம் தெளிவாகக் குளிர்ந்து சேர்கிறது. உலோகங்களும் சேர்மானங்களின் எச்சங்களும் கெட்டியான கரிய மண்டியாக அடியில் தங்கிவிடுகின்றன. வடித்த எண்ணெயை ஹைட்ரஜனோடு வினைப்படுத்தியோ வேறு முறைகளிலோ மேலும் தூய்மையாக்கி, புதிய சேர்மானங்களைக் கலந்தால் அது மீண்டும் மசகு எண்ணெய்.

அமிலத்தையும் களிமண்ணையும் பயன்படுத்திச் சுத்தம் செய்யும் பழைய முறை ஒன்றும் உண்டு. அதில் மிஞ்சும் அமிலக் கசடு, எடுத்துக்கொண்ட அழுக்கை விட மோசமானது. எனவே மறுசுழற்சி என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது, யார், எப்படிச் செய்கிறார்கள் என்பதும் முக்கியம்.

ஒரு பேரல் கச்சா எண்ணெயிலிருந்து, அதாவது 159 லிட்டரிலிருந்து, கிடைக்கும் மசகு எண்ணெய் ஏறக்குறைய இரண்டரை லிட்டர்தான். அதே இரண்டரை லிட்டரைத் தர, நான்கு லிட்டருக்கும் குறைவான பழைய ஆயில் போதும். ஓர் ஆட்டோமேட்டிக் காரிலிருந்து ஒரு முறை இறங்குவதே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்.

வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்கள் வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். மலையில் அது கிடைப்பது அரிது என்பதால், சரிவில் ஜாக்கி போட்டு அடியில் படுக்கும் ஆபத்தான பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சமதளம் இல்லையென்றால் பட்டறைக்கே கொண்டுபோய்விடுங்கள். சமதளத்திலும் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களுக்கு அணை கொடுத்த பிறகே அடியில் போக வேண்டும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது எளிதாக இறங்கும். ஆனால் மலை ஏறி வந்த உடனே பிளக்கைக் கழற்றினால் கை வெந்துவிடும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் நனைந்த துணியைப் பாக்கெட்டில் செருகிக்கொள்ளாதீர்கள். பிளக்கைக் கழற்றும் முன், புதிய ஆயில் ஊற்றும் மேல் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்வது அனுபவசாலிகள் சொல்லும் யோசனை. இறக்கிய பிறகு மேல் பிளக் இறுகிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆயிலைப் பிடிக்கும் தட்டும், பிறகு ஊற்றி வைக்கும் கேனும் உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். புதிய ஆயில் வந்த கேனே இதற்கு மிகவும் பொருத்தமானது. குடிநீர் பாட்டில், சமையல் எண்ணெய் கேன் போன்றவற்றில் ஊற்றாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஆபத்து. பூச்சிமருந்து வந்த கேன் தோட்டத்துக்காரர்கள் வீட்டில் எளிதாகக் கிடைக்கும், அதுவும் கூடாது. அடியில் ஒட்டியிருக்கும் சிறிதளவு மருந்துகூடக் கேன் முழுவதையும் கெடுத்துவிடும். கேனின் மேல் என்ன ஆயில், எந்தத் தேதியில் இறக்கியது என்று அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள்.

கியர் ஆயிலையும் இன்ஜின் ஆயிலையும் ஏ.டி.எஃப்.பையும் ஒரே கேனில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். பெரும்பாலான சேகரிப்பாளர்கள் இவற்றைச் சேர்த்தே வாங்குகிறார்கள், சுத்திகரிப்பிலும் இவற்றின் அடிப்படை ஒன்றுதான் என்பதால் தடையில்லை. தனித்தனியாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் பிரேக் ஆயிலும் ரேடியேட்டர் கூலன்ட்டும் வேறு சாதி. அவை பெரும்பாலும் கிளைக்கால் என்ற, தண்ணீரில் கரையும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை, அவற்றை இதில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. பாகம் கழுவிய பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயின்ட் தின்னர் ஆகியவை ஆயிலை எளிதில் தீப்பிடிக்கும் பொருளாக மாற்றிவிடும். எல்லாவற்றிலும் மோசமானவை குளோரின் கலந்த கரைப்பான்கள். சில வகை பிரேக் கிளீனர்களில் அவை உண்டு. குளோரின் சேர்ந்த ஆயிலைச் சூடாக்கினால் அரிக்கும் அமில வாயு வரும், எரித்தால் நச்சுப் புகை வரும்.

சில நேரம் கலப்பு வண்டிக்குள்ளேயே நடந்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் ஏ.டி.எஃப்.பைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளே ஓடுகிறது. அது உள்ளுக்குள் விரிசல் விட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்து, சிவப்பாக இருக்க வேண்டியது பால் ஊற்றியது போல வெளிறிக் கலங்கி வரும். அப்படி இறங்கினால் வண்டிக்கு உடனே வைத்தியம் தேவை. அந்த ஆயிலையும் நல்ல ஆயிலோடு சேர்க்காமல் தனிக் கேனில் வைத்து, கூலன்ட் கலந்தது என்று எழுதி, கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். மறைத்து ஊற்றிவிட்டால் ஒரு முழுப் பேரல் கெடும்.

தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளோ உலர்ந்த மணலோ போட்டு, ஊறிய பிறகு அள்ளி ஒரு பையில் கட்டுங்கள். தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் தரை சுத்தமாகும், ஆனால் எண்ணெய் வீட்டு வாசலிலிருந்து ஓடைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கழற்றிய ஃபில்டரைக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டால் உள்ளே நிற்கும் ஆயிலும் கேனுக்கு வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் மேலாண்மை விதிகள் பயன்படுத்திய எண்ணெய் என்பதற்குத் தரும் விளக்கத்தில் கியர் ஆயில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதை அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும், பொதுவாக 90 நாள்களுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. மறுசுத்திகரிப்புக்கு ஏற்ற எண்ணெயில் ஈயம் 100 பி.பி.எம்.முக்கும் (அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு) ஆர்சனிக் 5 பி.பி.எம்.முக்கும் மேல் இருக்கக் கூடாது என்று அந்த விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. 2023இல் வந்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் 1 முதல் மசகு எண்ணெய் உற்பத்தியாளர்களே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். சேகரிப்பவர்களும் மறுசுழற்சியாளர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்காரருக்கு நடைமுறையில் எளிய வழி, தம் கேனை அதிகம் ஆயில் மாற்றும் ஒரு பட்டறையிலோ, வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலோ கொடுப்பதுதான். அவர்கள் 200 லிட்டர் பேரலில் சேர்த்து விற்கிறார்கள். கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, இதை யார் வந்து எடுக்கிறார்கள், அவர்களிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறதா?" நாலு பேர் கேட்கத் தொடங்கினால், கூடுதல் விலைக்காகக் கண்டவர்களிடம் கொடுப்பது குறையும். அனுமதியில்லாதவர் கைக்குப் போகும் ஆயிலில் ஒரு பங்கு ஒழுங்கான வடிகட்டல் இல்லாமல் எரிக்கப்படுகிறது, ஒரு பங்கு நிறம் தெளியவைத்துப் பிரபல நிறுவனக் கேன்களில் அடைக்கப்பட்டுப் போலியாகச் சந்தைக்கு வருகிறது. இதனால்தான் காலியான புதிய ஆயில் கேனைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது, துளையிட்டு அல்லது அறுத்துக் கொடுக்க வேண்டும்.

கேனை மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இறுக மூடிய கேனுக்குள் மெல்லிய காற்று அடைபட்டிருக்கும், கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, கேன் பக்கவாட்டில் உள்ளே ஒடுங்கும். நல்ல கேன் தாங்கிவிடும். வெயிலில் காய்ந்து மொறுமொறுத்த பழைய கேன் ஒடுங்கிய மடிப்பில் விரிசல் விட்டு, டிக்கியை நனைத்துவிடும். பாதி நிரம்பிய கேனில் காற்று அதிகம் என்பதால் ஒடுங்குவதும் அதிகம், எனவே ஏறக்குறைய நிரம்பிய கேனாக, மேலே நாலு விரற்கடை மட்டும் இடம் விட்டு எடுத்துப் போங்கள். நிமிர்த்தி வைத்து, வளைவுகளில் சாயாதபடி கயிறு போட்டுக் கட்டி, அடியில் ஒரு தட்டும் பழைய சாக்கும் போடுங்கள். பர்லியாறு தாண்டியதும் ஒரு முறை நிறுத்தி, கேன் ஒடுங்கியிருந்தால் மூடியைச் சற்றுத் தளர்த்திக் காற்று உள்ளே போகவிட்டு, மீண்டும் இறுக மூடிக்கொள்ளுங்கள்.